வட அயர்லாந்தின் நிறுவன வரி: விகிதத்தைக் குறைப்பதா, அந்தப் பணத்தை வேறு எதிலாவது போடுவதா?

அயர்லாந்துத் தீவு ஒன்றுதான், ஆனால் அதில் நிறுவன வரி இரண்டு. தெற்கே அயர்லாந்துக் குடியரசில் கம்பெனிகளின் வணிக லாபத்துக்கு 12.5 சதவீதம். எல்லையைத் தாண்டி வட அயர்லாந்தின் நியூரிக்குள் நுழைந்தால், அது ஐக்கிய ராஜ்யத்தின் பகுதி என்பதால், அந்நாட்டின் 25 சதவீதம். வடக்கிலும் அதை 12.5 ஆக்கிவிட்டால் தனியார் துறை வளராதா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். வேறு சிலர், அந்தப் பணத்தைக் கல்லூரியிலும் சாலையிலும் போட்டால் என்ன என்கிறார்கள். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே பணத்தைப் பற்றி என்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

## சட்டம் தயாராக இருக்கிறது, அமலுக்கு வரவில்லை

இது வெறும் யோசனை அல்ல. தன் எல்லைக்குள் நிறுவன வரி விகிதத்தைத் தானே நிர்ணயிக்கும் அதிகாரத்தை வட அயர்லாந்து சட்டமன்றத்துக்குத் தரும் சட்டம் 2015 மார்ச்சில் லண்டனில் நிறைவேறிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், 2018 ஏப்ரல் முதல் 12.5 சதவீதம் என்று தேதியும் குறித்தார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பும் டியூபி கட்சியும் அயர்லாந்து இணைப்பை விரும்பும் ஷின் ஃபெய்ன் கட்சியும் வேறு எதிலும் அவ்வளவாக ஒத்துப்போகாதவை, ஆனால் இதில் ஒரே பக்கம் நின்றன.

ஒரு நிபந்தனை இருந்தது. ஸ்டோர்மாண்ட் அமைச்சரவை (பெல்ஃபாஸ்டில் இருக்கும் வட அயர்லாந்து அரசுக்கு ஸ்டோர்மாண்ட் என்றுதான் பெயர்) தன் நிதிநிலை சீராக இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். அதற்குள் 2017 ஜனவரியில் அமைச்சரவையே கவிழ்ந்தது. 2020இல் மீண்டு, 2022இல் மறுபடி முடங்கி, 2024 பிப்ரவரியில்தான் திரும்பவும் உட்கார்ந்தார்கள். வரிச் சட்டம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இதற்கிடையில் கணக்கின் அடிப்படையே மாறிவிட்டது. 2010இல் ஐக்கிய ராஜ்யத்தின் விகிதம் 28. தெற்கோடு இடைவெளி 15.5 புள்ளி. 2015இல் விகிதம் 20 ஆனது, இடைவெளி 7.5. 2017இல் 19 ஆனதும் இடைவெளி 6.5 ஆகச் சுருங்கியது. 2023 ஏப்ரலில் விகிதம் 25க்கு ஏறியது. இடைவெளி மறுபடி 12.5 புள்ளி. குறைப்பின் கவர்ச்சி திரும்பிவிட்டது என்று ஆதரவாளர்கள் மகிழ்வது இதனால்தான். ஆனால் இடைவெளி கூடும் அதே வேகத்தில் செலவும் கூடும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஸ்டோர்மாண்டின் கையிலிருந்து பணம் எப்போது போகிறது? அதில் எவ்வளவு, எப்படியும் இங்கேயே இருந்திருக்கும் கம்பெனிகளுக்குப் போகிறது? வளர்ச்சி வந்தால் அதன் வரி யாருடைய கல்லாவில் விழும்? சரிவரவில்லை என்றால் பின்வாங்க முடியுமா? கடைசியாக, இந்தப் பகுதியில் தொழிலை உண்மையிலேயே தடுத்து நிறுத்தும் பிரச்சினையை அது தொடுகிறதா?

மூன்றாவது கேள்விதான் பெரும்பாலான விவாதங்களில் காணாமல் போகிறது. அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறேன்.

## முதல் வழி: விகிதத்தை 12.5 ஆக்குவது

இதன் பலம் எளிமை. எந்த அதிகாரியும் எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று ஊகிக்க வேண்டாம், யாரும் விண்ணப்பம் போட வேண்டாம். ஒரே எண்ணை உலகம் முழுக்கச் சொல்லி விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சரக்குச் சந்தையும் பிரிட்டிஷ் சந்தையும் ஒருசேரத் திறந்திருக்கும் இடம் வட அயர்லாந்து. அதோடு குறைந்த வரியும் சேர்ந்தால், நல்ல லாபத்தில் பொருள் செய்து இரண்டு பக்கமும் விற்கும் மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகளுக்கு அது உண்மையான ஈர்ப்பு. இதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

இனி செலவு. 2006இல் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது: ஒரு பிராந்தியம் தனி விகிதம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதனால் வரும் இழப்பை அந்தப் பிராந்தியமே சுமக்க வேண்டும், மத்திய அரசு ஈடுகட்டக் கூடாது. ஆகவே குறையும் வரிக்குச் சமமான தொகையை, லண்டன் ஆண்டுதோறும் தரும் தொகுப்பு மானியத்திலிருந்து கழித்துவிடும். 2015 வாக்கில் பேசப்பட்ட தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி பவுண்டு. அது 20இலிருந்து 12.5க்கு இறங்குவதற்கான விலை. இன்று 25இலிருந்து இறங்க வேண்டும். இறங்கும் தூரம் 7.5 புள்ளியிலிருந்து 12.5 ஆகியிருக்கிறது, லாபம் அப்படியே இருந்தால்கூடச் செலவு மூன்றில் இரண்டு பங்கு கூடும். இந்தக் கழிவு முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடும். தொழிற்சாலை வருவதற்கோ ஐந்து, பத்து ஆண்டுகள்.

அந்தப் பணம் முதலில் போவது ஏற்கெனவே லாபம் பார்த்துக்கொண்டிருக்கும் கம்பெனிகளுக்கு. வட அயர்லாந்தில் கடை நடத்தும் பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலி, பெல்ஃபாஸ்ட் மக்கள் சாப்பிடும்வரை பெல்ஃபாஸ்டை விட்டுப் போகாது. ஆனாலும் அதன் வட அயர்லாந்து லாபத்துக்கும் சலுகை உண்டு. சிறு கம்பெனிகளின் கதை நேர்மாறு. 50,000 பவுண்டுக்குள் லாபம் உள்ளவை இப்போதே 19 சதவீதம்தான் கட்டுகின்றன. 40,000 பவுண்டு லாபம் பார்க்கும் கம்பெனிக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 2,600 பவுண்டு. அதை வைத்து ஒரு ஆளைக்கூட வேலைக்கு வைக்க முடியாது. தனிநபர் தொழில் செய்வோருக்கும் பெரும்பாலான விவசாயிகளுக்கும் எதுவுமே இல்லை; அவர்கள் கட்டுவது வருமான வரி.

முதலீடு செய்யும் கம்பெனியைப் பாருங்கள். 10 லட்சம் பவுண்டு லாபம் வருகிறது, அவ்வளவையும் புதிய இயந்திரத்தில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 முதல் இயந்திரச் செலவு முழுவதையும் அதே ஆண்டில் லாபத்திலிருந்து கழிக்கலாம். எனவே விகிதம் 25 ஆனாலும் 12.5 ஆனாலும் அந்த ஆண்டு அதன் வரி பூஜ்யம். அதே லாபத்தில் ஒரு பைசாகூட முதலீடு செய்யாமல் பங்காதாயமாக எடுத்துக்கொள்ளும் கம்பெனிக்கு 1,25,000 பவுண்டு மிச்சம். வளர்ச்சிக்காக என்று சொல்லிச் செய்யும் குறைப்பு, வளர்ச்சிக்குச் செலவு செய்யாதவருக்கே அதிகம் தருகிறது.

பெல்ஃபாஸ்டுக்கு வந்த வேலைகள் எப்படிப்பட்டவை என்பதும் முக்கியம். சிட்டி வங்கி 2000களின் நடுவிலேயே வந்துவிட்டது, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஆல்ஸ்டேட் அதற்கும் முன்பு. இரண்டும் வந்தபோது குறைந்த வரி எதுவும் கிடையாது. பட்டதாரிகள் கிடைத்தார்கள், சம்பளமும் வாடகையும் லண்டனைவிடக் குறைவு. தாய்க் கம்பெனிக்கு மென்பொருளும் பின்னணி வேலையும் செய்து தரும் இத்தகைய அலுவலகங்கள் பொதுவாகச் செலவுக்கு மேல் சிறு லாபம் மட்டுமே கணக்கில் காட்டும். சிறு லாபத்தில் வரி விகிதம் பெரிய விஷயமே இல்லை. போதாக்குறைக்குக் கடன் கொடுப்பது, முதலீட்டு மேலாண்மை போன்ற நிதித் தொழில்களை 2015 சட்டம் சலுகைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

### பலன் யார் கல்லாவில்?

சரி, எல்லாம் நன்றாக நடந்து ஆயிரக்கணக்கில் வேலை உருவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். புதிய ஊழியர்கள் கட்டும் வருமான வரி, தேசியக் காப்பீடு, அவர்கள் செலவழிக்கும்போது வரும் வாட், எல்லாம் லண்டனுக்குப் போகிறது. ஸ்டோர்மாண்டுக்குத் திரும்புவது கூடுதல் நிறுவன வரி மட்டும், அதுவும் பாதி விகிதத்தில். விதை நெல் ஸ்டோர்மாண்டுடையது. அறுவடையின் பெரும்பங்கு லண்டன் களத்தில். இதைத் தனி ஒப்பந்தம் போட்டுச் சரிசெய்யாமல் விகிதத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் கருத்து.

உலகக் குறைந்தபட்ச வரி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஆண்டு வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்கள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 15 சதவீதம் கட்ட வேண்டும். ஐக்கிய ராஜ்யமும் அயர்லாந்தும் இதை 2023 இறுதியில் நடைமுறைப்படுத்தின. தெற்கிலேயே இப்போது பெரிய குழுமங்களுக்கு 12.5 இல்லை, 15. ஐக்கிய ராஜ்யத்துக்குள் வட அயர்லாந்தில் மட்டும் தொழில் வைத்திருக்கும் பெரிய குழுமத்துக்கு 12.5 கொடுத்தால், மீதி 2.5 புள்ளியைப் பிரிட்டிஷ் வரித்துறை கூடுதல் வரியாக வாங்கிக்கொள்ளும். ஸ்டோர்மாண்ட் விட்டுக்கொடுத்ததை லண்டன் எடுத்துக்கொள்கிறது! ஆனால் இந்தக் கணக்கு நாடு முழுவதையும் சேர்த்துப் போடப்படுகிறது. மான்செஸ்டரில் 25 சதவீதம் கட்டும் பிரிவும் உள்ள குழுமத்துக்குச் சராசரி 15க்கு மேலே நின்றுவிடும். அதற்குச் சலுகை முழுசாகக் கிடைக்கும். ஆக, வெளியிலிருந்து புதிதாக வருபவரைவிட ஏற்கெனவே பிரிட்டனில் வேர்விட்டவருக்கே இது அதிகம் உதவும். அவர்கள் புது வேலையை உருவாக்காமல், லாபக் கணக்கை மட்டும் கடல் தாண்டி நகர்த்தும் ஆசையும் கூடவே வரும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தோன்றினால், சின்ன அளவில் நடந்ததைப் பாருங்கள். நேரடி நெடுந்தூர விமானங்களுக்கான பயணி வரியை 2013இல் வட அயர்லாந்து பூஜ்யமாக்கியது, பெல்ஃபாஸ்டிலிருந்து அமெரிக்காவின் நுவார்க்குக்குப் போகும் விமானத்தைத் தக்கவைக்க. 2017 ஜனவரியில் அந்த விமானம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மானியத்தில் கழிந்துகொண்டே இருந்தது.

## இரண்டாம் வழி: குறிவைத்த உதவி

எல்லோருக்கும் குறைப்பதற்குப் பதில், புதிதாக வருபவருக்கும் விரிவாக்குபவருக்கும் மட்டும் மானியம், குறிப்பிட்ட மண்டலத்தில் சலுகை என்று கொடுப்பது இரண்டாம் வழி. முதலீட்டை ஈர்க்கும் அரசு அமைப்பான இன்வெஸ்ட் நார்தர்ன் அயர்லாந்து இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. கோல்ரெய்னில் ஒரு தொழில் மண்டலம் உண்டு. லண்டனும் முதலீட்டு மண்டலம் என்ற பெயரில் 15 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறது.

ஒரு வேலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கலாம், வேலை வராவிட்டால் திரும்பக் கேட்கலாம், வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். பின்வாங்கும் கேள்வியில் இதற்குத்தான் முதல் மதிப்பெண்.

ஆனால் இந்த ஊரின் நினைவில் இரண்டு வடுக்கள் இருக்கின்றன. மேற்கு பெல்ஃபாஸ்டை ஒட்டிய டன்மரியில் டிலோரியன் கார் தொழிற்சாலைக்குக் கோடிக்கணக்கில் அரசுப் பணம் போனது. 1981இல் கார் வெளிவந்தது, 1982இல் கதை முடிந்தது. இன்னொன்று 2012இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க வெப்பத் திட்டம். உச்சவரம்பு இல்லாமல், எரிபொருள் செலவைவிட அதிகமாக மானியம் கொடுத்ததால், எரிக்க எரிக்கப் பணம் என்றானது. 2017இல் அமைச்சரவையைக் கவிழ்த்ததும் அந்தத் திட்டம்தான். நிறுவன வரிக் குறைப்பைப் புதைத்தது ஒரு மானியத் திட்டத்தின் குளறுபடி என்பது இந்த விவகாரத்தின் விநோதம்.

மறைவான செலவுகள் வேறும் உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த கம்பெனிக்குப் பணம் போகும், தொழில் தெரிந்த கம்பெனிக்குப் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளும் பிரெக்ஸிட்டுக்குப் பின் லண்டனும் ஒன்றியமும் வட அயர்லாந்துக்காகச் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாட்டுக்குப் பிறகு முழுக்க விலகிவிடவில்லை; சரக்கு வணிகத்தைத் தொடும் உதவிகளில் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது.

## மூன்றாம் வழி: ஆட்களிலும் குழாய்களிலும் போடுவது

குழாய் என்றா சொன்னேன்? ஆமாம், கழிவுநீர்க் குழாய்தான். பெல்ஃபாஸ்ட் உட்பட வட அயர்லாந்தின் பல ஊர்களில் கழிவுநீர்க் கட்டமைப்பு கொள்ளளவை எட்டிவிட்டது. புதிய வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் இணைப்புத் தர முடியாத நிலை. வீடுகளுக்குத் தனியாகத் தண்ணீர்க் கட்டணம் கிடையாது என்பதால் நீர் நிறுவனம் அமைச்சரவைப் பணத்தை நம்பியே ஓடுகிறது. வட அயர்லாந்தின் குடிநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் நே ஏரியிலிருந்து வருகிறது. 2023 கோடையில் அந்த ஏரி நீலப்பச்சைப் பாசி படர்ந்து செய்தியானது. அதற்கு விவசாயக் கழிவு முக்கியக் காரணம், கழிவுநீருக்கும் பங்கு உண்டு. தொழிற்சாலை கட்ட அனுமதியே கிடைக்காத இடத்தில் லாப வரி 12.5 ஆக இருந்தால் என்ன, 2.5 ஆக இருந்தால் என்ன?

ஆட்கள் விஷயமும் அப்படித்தான். வேலை செய்யும் வயதில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலையிலும் இல்லை, வேலை தேடவும் இல்லை. பல்கலைக்கழகங்களில் உள்ளூர் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கணிசமான பிள்ளைகள் பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறார்கள், பலர் திரும்புவதில்லை. டெர்ரி நகரில் உள்ள அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் மகீ வளாகத்தை 10,000 மாணவர்களுக்கு விரிவாக்கும் இலக்கு இருக்கிறது, பணம்தான் துண்டுதுண்டாக வருகிறது. சிட்டி வங்கி பட்டதாரிகளுக்காக வந்தது என்றால், பட்டதாரிகளைக் கூட்டுவதுதானே அடுத்த கம்பெனியை அழைக்கும் வழி?

தெற்கின் வெற்றியைச் சொல்பவர்கள் 12.5 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விகிதம் 2003இல்தான் முழுமையாக வந்தது. அதற்கு முன்பே 1956இல் ஏற்றுமதி லாபத்துக்குச் சலுகை, 1967இல் இலவச மேல்நிலைக் கல்வி, 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வது, 1981இல் உற்பத்தித் தொழிலுக்கு 10 சதவீத வரி என்று அரை நூற்றாண்டு வேலை நடந்திருக்கிறது. அதில் வரி ஒரு தூண். மற்றத் தூண்களை ஊன்றாமல் அதை மட்டும் நட்டுவிட்டு அதே கூரையை எதிர்பார்க்க முடியாது.

இந்த வழியின் மறைவான செலவு நேரம். டெர்ரியை நோக்கிய ஏ5 நெடுஞ்சாலை 2007இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அதன் அனுமதியை ரத்து செய்தது. பதினெட்டு ஆண்டுகள்! ஒதுக்கிய பணம் சாலையாகும் என்று ஸ்டோர்மாண்டில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. படித்தவர்கள் டப்ளினுக்கோ லண்டனுக்கோ போய்விடும் ஆபத்தும் உண்டு. வளர்ச்சியின் வருமான வரி லண்டனுக்குப் போகும் குறை இங்கேயும் அப்படியே இருக்கிறது. ஆனால் போட்ட குழாய் மண்ணுக்குள் இருக்கும். அது எந்தக் கம்பெனியோடும் ஊரை விட்டுப் போகாது.

## ஒரு பார்வையில்

| கேள்வி | 12.5 சதவீத விகிதம் | குறிவைத்த உதவி | ஆட்கள், கட்டமைப்பு |
|---|---|---|---|
| பணம் போவது | முதல் ஆண்டிலிருந்து, நிரந்தரமாக | திட்டத்துக்குத் திட்டம் | வேலை நடக்க நடக்க |
| எப்படியும் இருந்திருப்பவருக்குப் போவது | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| வளர்ச்சியின் வரி | பெரும்பங்கு லண்டனுக்கு | பெரும்பங்கு லண்டனுக்கு | பெரும்பங்கு லண்டனுக்கு |
| பின்வாங்குவது | கடினம், நம்பிக்கை உடையும் | எளிது | தேவை குறைவு |
| பெரிய ஆபத்து | மானியம் சுருங்கிப் பொதுச்சேவை தேய்வது | தவறான தேர்வு, ஊழல் | தாமதம் |

மூன்றாவது வரிசையில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில் இருப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அதிகமாக முன்பணம் கட்டவைக்கும் முதல் வழியில் அந்தக் குறை அதிகமாக வலிக்கிறது.

## எந்தச் சூழலில் எது?

கழிவுநீர் இணைப்பும் ஆட்களும் தயாராக இருந்து, நடுத்தர அளவுக் கம்பெனிகளை, அதாவது 75 கோடி யூரோ வரம்புக்குக் கீழே நல்ல லாபம் பார்ப்பவர்களை இழுப்பதுதான் நோக்கம் என்றால், விகிதக் குறைப்பு மற்ற இரண்டையும்விட நல்ல கருவி. அவர்களுக்கு 12.5 என்றால் 12.5தான். கூடுதல் வேலைகளின் வருமான வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தர லண்டன் எழுத்தில் ஒப்புக்கொண்டால், நானே அதற்குக் கை தூக்குவேன். ஒப்பந்தம் இல்லாமல், மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் இன்றைய நீளத்தில் இருக்கும்போது தொகுப்பு மானியத்தைக் கிள்ளிக் கொடுப்பதற்கு இல்லை.

ஒரு குறிப்பிட்ட ஊருக்கு, உதாரணமாக டெர்ரிக்கு, விரைவாக ஏதாவது வேண்டும் என்றால் இரண்டாம் வழி. உச்சவரம்பும் முடிவுத் தேதியும் கண்டிப்பாக வேண்டும். வெப்பத் திட்டத்தில் அதற்கான பாடம் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

இன்றைய நிலையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மூன்றாவதில் பெரும்பகுதியைப் போடுவேன். குழாய்க்கு முதலில், பல்கலைக்கழக இடங்களுக்கு அடுத்து. சாலைகளைக் கொஞ்சம் தள்ளிவைப்பேன், நீதிமன்றத்தில் அவை என்னவாகின்றன என்று பார்த்துவிட்டு.

அப்புறம், விகிதத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களும் 12.5 என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2015 சட்டம் விகிதத்தை முடிவு செய்வதைச் சட்டமன்றத்திடம் விட்டிருக்கிறது, 12.5 என்பது அப்போதைய அமைச்சரவையின் தேர்வு மட்டுமே. தெற்கிலேயே பெரிய குழுமங்களுக்கு 15 ஆன பிறகு, 15க்குக் கீழே இறங்குவதில் விளம்பரப் பலன் பாதி போய்விட்டது. 18 சதவீதம் என்று வைத்தால் இறங்கும் தூரம் 12.5இலிருந்து 7 புள்ளியாகிறது, மானியக் கழிவும் ஏறத்தாழ அதே அளவில் குறைகிறது. பிரிட்டனைவிட மலிவு என்ற பேச்சு அப்போதும் நிற்கும். டப்ளினோடு நேருக்கு நேர் மோதும் கனவை மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கும்.